மச்சான் கொடுத்த செயின்

பருந்தடி மலைப் பக்கம் போய் "வேதமாணிக்கம் வீடு எங்கே?" என்று கேட்டால் எவனும் முழிப்பான். "காலூன்றி வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். நடக்கப் பழகின பிள்ளைகூட கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடும்.

அந்தப் பேர் அவருக்கு முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், மலைப்பாதையின் ஐந்தாம் வளைவில் வைத்துக் கிடைத்தது. வைத்தது யாரோ எவரோ இல்லை. அவர் மனைவி ஞானப்பூவின் கூடப்பிறந்த அண்ணன் சவரிமுத்து.

விஷயம் இதுதான். மலை உச்சியில் ஒரு மாதா கோயில். திருவிழாக் கொடி ஏற்றுகிற கயிற்றை அடிவாரத்து ஊரில்தான் திரிப்பார்கள். நல்ல தேங்காய்த் தும்புக் கயிறு. நனைத்துச் சுருட்டினால் இருபது கிலோவுக்குக் குறையாது. அது மேலே போவது ஜீப்பில் இல்லை, தலைச்சுமையாகவும் இல்லை. சைக்கிளில்தான் போக வேண்டும், அதுவும் கியர் இல்லாத கறுப்புச் சைக்கிளில். கயிற்றைக் கேரியரில் கட்டி, அடிவாரத்தில் ஏறி உட்கார்ந்தால், ஏழு வளைவும் தாண்டிக் கொடிமரத்தடியில்தான் கால் தரையில் படலாம். நடுவில் பட்டதோ, கயிற்றை அவிழ்த்துப் பின்னால் வருகிறவனிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். முன்னால் போவது யார், பின்னால் போவது யார் என்பதைத் திருவுளச்சீட்டு சொல்லும்.

இருபத்திரண்டு வயதில், கல்யாணமான புதிதில், வேதமாணிக்கத்துக்கு முதல் சீட்டு விழுந்தது. இரண்டாம் சீட்டு சவரிமுத்துவுக்கு.

கயிறு ஏற்றுகிறவனுக்குப் பெண் வீட்டார் சீர் கொண்டுவருவது அங்கே வழக்கம். புது வேட்டி, புதுச் சட்டை, சைக்கிளுக்குப் புதுச் செயின். அந்த வருஷமும் தட்டு நிறைய வந்தது. அவ்வளவும் உடுத்தி, மாட்டி, மாப்பிள்ளைக் களையோடு புறப்பட்ட மனுஷன், ஐந்தாம் வளைவில் பொத்தென்று காலை ஊன்றினார். சவரிமுத்து கயிற்றை வாங்கிக்கொண்டு மேலே போனார்.

"புதுச் செயின் போட்டுமா வே கால் ஊனினீரு?" என்று ஊர் சிரித்தது.

சவரிமுத்து அதோடு விட்டாரா? ஒவ்வொரு கொடியேற்றத்துக்கும் குடையை எடுத்துக்கொண்டு ஐந்தாம் வளைவில் போய் நிற்பார். புதிதாக யாராவது அகப்பட்டால் போதும். "இந்தா, இந்தக் கல்லுப் பக்கம்தான் எங்க மச்சான் காலூன்றினாரு" என்று ஆரம்பித்துவிடுவார். பிள்ளைகள் கல்யாணத்தில் சொன்னார். வேதமாணிக்கம் பஸ் டெப்போவில் ஃபோர்மேனாக இருந்து விருப்ப ஓய்வு பெற்ற அன்று, மாலை போட்ட கையோடு மேடையிலேயே சொன்னார்.

வேதமாணிக்கம் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. அன்று நடந்தது அவருக்கு மட்டும் தெரியும். கால் சலிக்கவில்லை. மிதிக்கும்போது 'கடக்' என்று ஒரு சத்தம், காலுக்குக் கீழே பிடிமானம் இல்லாமல் போயிற்று. செயின்தான் காலை வாரிவிட்டது. ஆனால் அதைச் சொல்ல முடியுமா? பெண் வீட்டார் ஆசையாகக் கொண்டுவந்த செயின். வாயைத் திறந்தால் ஞானப்பூ முகம் என்ன ஆகும்? விழுங்கினார். முப்பத்தைந்து வருஷமாக விழுங்கிக்கொண்டே இருந்தார்.

ஐம்பத்தெட்டு வயதானால் சீட்டுப் பானையில் பேர் போட மாட்டார்கள். வேதமாணிக்கத்துக்கு ஐம்பத்தேழு முடியப் போகிறது. இதுதான் கடைசிச் சீட்டு.

மாதா கண் திறந்தாள். முதல் சீட்டு அவருக்கே விழுந்தது. இரண்டாம் சீட்டு சவரிமுத்துவின் மகன் டைட்டஸுக்கு.

"அப்பனுக்குக் கயிறு கொடுத்தீரு, இனி மவனுக்கும் கொடுக்கணுமோ மச்சான்?" என்றார் சவரிமுத்து. கோயிலே சிரித்தது.

மறுநாள் காலையில் வேதமாணிக்கம் ஜெசிந்தாவின் சைக்கிள் கடைக்குப் போனார்.

ஜெசிந்தாவுக்கு வயது இருபத்தொன்பது. விடிந்ததும் ஒருதரம் மலை ஏறி இறங்கிய பிறகுதான் கடை திறப்பாள். கடந்த மூன்று வருஷமாகக் கயிறு ஏற்றினவர்கள் அவளிடம் மலை ஏறப் பழகினவர்கள்தான். ஒருத்தரும் கால் ஊன்றவில்லை. ஊரில் அவளை ஆசான் என்றே கூப்பிட்டார்கள். பேச்சு மட்டும் எண்ணித்தான் வரும்.

"ஆசானே, என்னய ஏத்தி விடணும்," என்றார் வேதமாணிக்கம். மகளைவிடச் சின்னவளை அப்படிக் கூப்பிட அவருக்குக் கூச்சம் இல்லை. தேவை அவருக்கு.

"ஏறுறது நீங்கல்லா அண்ணாச்சி," என்றாள் அவள்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். முப்பது வருஷ டெப்போ பழக்கம். இத்தனை கிலோமீட்டருக்கு ஆயில், இத்தனைக்கு பிரேக், இத்தனைக்கு பேரிங் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு உண்டு. ஒரு பஸ்ஸையும் நடுவழியில் நிற்க விட்டதில்லை.

"மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. செயின எத்தன நாளைக்கு ஒருக்கா மாத்தணும்?"

ஜெசிந்தா அவர் சைக்கிளைத் திருப்பிப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, செயின் ஓடுவதைப் பார்த்தாள். ஒரு இரும்பு அடிக்கோலை வைத்து அளந்தாள். பிறகு அடிக்கோலை அவர் கையில் கொடுத்தாள்.

"போன கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஒரே பெட்டியிலேருந்து ரெண்டு பேருக்குச் செயின் போட்டேன். ஒண்ணு கடற்கரைத் தபால்காரருக்கு. ஒண்ணு கோயில் அச்சன் வீட்டுச் சமையல்காரருக்கு. அளந்துட்டு வாங்க. இருபத்திநாலு கண்ணி, பன்னெண்டு அங்குலம் இருக்கணும்."

இதென்னடா வம்பு என்று நினைத்தாலும் போனார். தபால்காரர் செயின் பன்னிரண்டு அங்குலத்தைத் தாண்டி, எட்டு நூல் ஓர் அங்குலம் என்கிற கணக்கில் ஒன்றரை நூல் நீண்டு, மணலும் உப்பும் அப்பித் தொங்கிக்கொண்டிருந்தது. சமையல்காரர் செயின் அங்குலம் மாறாமல் பளபளவென்று இருந்தது. அவர் சந்தைக்குப் போவதற்குத்தான் சைக்கிளை எடுப்பார்.

திரும்பி வந்து நோட்டைத் திறந்தார். "ஒண்ணு பத்து மாசத்துலயே போச்சு. ஒண்ணு இன்னும் பத்து வருஷம் ஓடும். எத எழுத?"

"நம்ம செயின் எம்புட்டு இருக்கு?"

அளந்தார். "அரை நூல் கூட."

"அத எழுதுங்க," என்றாள் ஜெசிந்தா. "ஒரு நூல் ஆனா எங்கிட்ட வாங்க."

"எப்ப ஆகும்?"

"ஆகும்போது."

வேதமாணிக்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செயின் விற்கிற கடைக்காரி, விற்க மாட்டேன் என்கிறாள். சரி, ஆசான் என்று கூப்பிட்டாயிற்று. நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

மூன்று மாதம் பழக்கினாள். முதல் மாதம் வெறும் சைக்கிள். இரண்டாம் வளைவில் நாக்கு வெளியே வந்தது. இரண்டாம் மாதம் கேரியரில் நனைந்த சாக்கு. நாலாம் வளைவு வரை. வாரம் ஒருதரம் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொன்னாள். எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். செயினை மாட்டி முடித்ததும், "என்ன சொல்லுது?" என்று மட்டும் கேட்பாள்.

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப ஏறுங்க."

மூன்றாம் மாதத்தின் நடுவில் ஒரு காலையில், சாக்குச் சுமையோடு ஐந்து, ஆறு, ஏழு என்று வளைவுகள் பின்னால் போய், கொடிமரத்தடியில் வந்து நின்றபோது வேதமாணிக்கத்துக்கே நம்பிக்கை வரவில்லை. கீழே இறங்காமல், மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சைக்கிளின் மேலேயே உட்கார்ந்திருந்தார். ஆடு மேய்க்க வந்த ஒரு கிழவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் அளந்தார். முக்கால் நூல். ஜெசிந்தா பின்சக்கரத்தை ஒரு இழுப்பு இழுத்து நட்டை முறுக்கினாள்.

"நாளைக்கு இதுவே போதும். இனி இதுல ஒண்ணையும் தொடாதீங்க."

"தொட மாட்டேன் ஆசானே."

தொடாமல்தான் இருந்திருப்பார். மத்தியானம் வாசலில் மேளம் கேட்டது.

சவரிமுத்து தட்டோடு வந்து நின்றார். பின்னால் குடும்பம் முழுக்க. தட்டில் புது வேட்டி, புதுச் சட்டை, வாழைப்பழம். நடுவில் சுருட்டி, மேலே ஒரு மல்லிகைச் சரம் போட்டு, புதுச் செயின்.

"என்ன கேலி பேசினாலும் எங்க தங்கச்சி மாப்பிள்ள. முறைய விட்டுருவோமா?" என்றார் சவரிமுத்து. கேலி பேசுகிற வாய்தான், மனசில் கள்ளம் கிடையாது. "டைட்டஸுக்கு அவன் மாமனார் வீட்டுலேருந்து வந்துட்டு. உமக்கு நான் கொண்டுவரணும்லா. டவுன்ல போய்ப் பாத்துப் பாத்து வாங்கினேன் மச்சான். இந்தத் தடவ ஏறிரும் வே."

ஞானப்பூ கதவோரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா அம்மா போன பிறகும் தாய்வீட்டுத் தட்டு வருகிறதே என்கிற நிறைவு அவள் முகத்தில் இருந்தது.

இதைப் பார்த்த பிறகு எந்த ஆண்பிள்ளையால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? வந்தவர்கள் பார்க்க, அங்கேயே, வேதமாணிக்கம் பழைய செயினைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுச் செயினை மாட்டினார். பத்துப் பேர் கை தட்டினார்கள்.

அவர்கள் போன பிறகும் மனசு கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சமதளத்தில் வெண்ணெய் மாதிரி ஓடிற்று. சரி, ஆசானுக்கு இது மட்டும் தெரியவில்லை போலிருக்கிறது என்றுகூட நினைத்துவிட்டார். குளத்தங்கரை மேட்டில் திருப்பி, எழுந்து நின்று ஒரு அழுத்து அழுத்தினார்.

கடக்.

கால் தரையில் இருந்தது.

வேதமாணிக்கம் அந்த மேட்டிலேயே நின்றார். முப்பத்தைந்து வருஷமாகத் தூக்கத்தில் கேட்ட சத்தம் இப்போது வெயிலில், கண் முழித்திருக்கும்போது கேட்கிறது. மறுபடி ஏறி அழுத்தினார். கடக், கடக்.

சைக்கிளை உருட்டிக்கொண்டே ஜெசிந்தா கடைக்கு வந்து சேர்ந்தார். சின்னப் பிள்ளை மாதிரி முகம் கோணியது.

"ஆசானே, தொட்டுட்டேன்."

அவள் திட்டவில்லை. குனிந்து பார்த்தாள். "நல்ல செயின். விலை கூடினது."

"நல்ல செயினா? அன்னிக்கும் இதேதான் பண்ணிச்சு! அன்னிக்கும் புதுசு, இன்னிக்கும் புதுசு. எங்க மச்சான் வாங்குற செயினுக்கு மட்டும் என்ன கேடு?"

ஜெசிந்தா அவர் விரலைப் பிடித்துப் பின்சக்கரத்துப் பற்களின்மேல் வைத்தாள். பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து லேசாகச் சாய்ந்திருந்தன.

"இது எத்தன வருஷம்?"

"எட்டு வருஷம்."

"பழைய செயின்?"

"அதுவும் எட்டு. சேந்துதான் போட்டேன்."

"சேந்துதான் தேஞ்சுச்சு. செயின் நீள நீள, பல்லு அதுக்கு இடம் விட்டுச்சு." அவள் புதுச் செயினைத் தொட்டாள். "இது இன்னிக்குத்தான் வந்துருக்கு. இதுக்கும் பல்லுக்கும் இன்னும் அறிமுகமே இல்ல. சமதளத்துல ஒப்பேத்தும். மேட்டுல முடியாது."

வேதமாணிக்கம் இன்னொரு தடவை பற்களைத் தடவினார். இருபத்திரண்டு வயதில் அவர் ஓட்டியது அவர் அப்பாவின் சைக்கிள். அப்பா அதைப் பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருந்தார். அந்தப் பழைய பற்களின்மேல் கல்யாணச் சீர்ச் செயினை மாட்டிக்கொண்டு புறப்பட்டவர் இவர்.

"அப்ப எங்கால்ல குத்தம் இல்ல," என்றார் மெல்ல.

"இல்ல."

"மச்சான் செயின்லயும் குத்தம் இல்ல."

"இல்ல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது. இரண்டையும் ஒரே துண்டால் துடைத்தார். பாவி மனுஷன், முப்பத்தைந்து வருஷம் அந்தச் செயினை மனசுக்குள் எத்தனை தடவை வைதிருப்பார்!

"பல்லையும் சேத்து மாத்திட்டா?"

"மாத்தலாம். நாளைக்குக் காலையில முழுசும் புதுசா இருக்கும். உங்க காலு பழகினது இதுல." அவள் பழைய பற்களைத் தட்டினாள். "பழைய செயின் எங்க?"

அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடினார். போட்ட இடத்தில் செயின் இல்லை.

"ஏட்டி ஞானப்பூ! பழைய செயின் எங்கட்டி?"

"கோழிக்கூட்டுக் கதவு நிக்க மாட்டேங்குன்னு கட்டிட்டேன். ஏன், அந்தச் சவம் இனி எதுக்கு?"

கோழிகள் கத்தக் கத்தச் செயினை அவிழ்த்து எடுத்தார். இறகும் தவிடும் ஒட்டியிருந்தன. ஞானப்பூ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க அண்ணன் கொண்டுவந்தத என்ன செய்யப் போறிய?"

அதுதானே கேள்வி. கடைக்குத் திரும்பி, சைக்கிளிலிருந்து புதுச் செயினைக் கழற்றி, பழசை ஒரு கையிலும் புதுசை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஆசான் முன்னால் போய் நின்றார்.

"இதப் போட்டா ஏற மாட்டேன். போடலைன்னா எம்பொண்டாட்டி முகத்துல முழிக்க முடியாது. நான் என்ன செய்ய?"

ஜெசிந்தா பழைய செயினை வாங்கி மண்ணெண்ணெயில் அலசிச் சைக்கிளில் மாட்டினாள். புதுச் செயினை வாங்கி, துணியால் எண்ணெயை ஒற்றி எடுத்து, இரண்டு நுனியையும் சேர்த்து மாட்டி, மாலை மாதிரி அவர் கழுத்தில் போட்டாள்.

"மரியாத பண்ணக் கொடுத்தாங்க. மரியாதையா வெச்சுக்கோங்க," என்றாள். பிறகு கடைக் கதவைப் பூட்டினாள். "டைட்டஸ் தம்பிகிட்டயும் சொல்லிப் பாக்கேன்."

கொடியேற்றத்தன்று காலையில் அடிவாரத்தில் நிற்க இடமில்லை. வேட்டு போட்டார்கள். அச்சன் கயிற்றை மந்திரித்துக் கேரியரில் வைத்துக் கட்டினார். வேதமாணிக்கம் புது வேட்டியை மடித்துக்கட்டி, புதுச் சட்டைக்கு மேலே செயின் மின்ன, சைக்கிளில் ஏறினார்.

"என்ன காலூன்றி, செயின் எடம் மாறிக் கிடக்கு?" என்று எவனோ கத்தினான். சிரிப்பு மலைவரைக்கும் கேட்டது.

வேதமாணிக்கம் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். டைட்டஸ் சைக்கிளில் மாமனார் வீட்டுச் செயின் பளபளத்தது. கூட்டத்தில் நின்ற ஜெசிந்தா, சொல்லியும் அவன் கேட்கவில்லை என்பதுபோல் தலையை அசைத்தாள்.

மணி அடித்தது.

முதல் வளைவில் ஆட்கள் இரண்டு பக்கமும் ஓடி வந்தார்கள். இரண்டாவதில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மூன்றாவதில் கயிற்றின் ஈரம் கனம் காட்டிற்று, முதுகில் வேர்வை வழிந்து வேட்டிக்குள் இறங்கியது. நாலாவதில் டைட்டஸின் மூச்சு பின்னால் கேட்டது. பையனுக்கு இருபத்தைந்து வயது. காலில் தெம்பு இருக்கிறது. மாமா எப்போது ஊன்றுவார் என்று காத்திருக்கிற மூச்சு அது.

ஐந்தாம் வளைவு.

குடை தெரிந்தது. குடைக்குக் கீழே சவரிமுத்து. பக்கத்தில் அவர் கதை கேட்க நாலு பேர். பாதை செங்குத்தாக எழும்பியது. வேதமாணிக்கம் இருக்கையை விட்டு எழுந்து நின்றார். இதே கல். இதே இடம். பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலை இறக்கினார்.

செயின் பிடித்தது. இடது காலை இறக்கினார், அதற்கும் பிடித்தது.

கடக்!

அவ்வளவுதான் என்று நினைத்தார். ஆனால் சைக்கிள் போய்க்கொண்டே இருக்கிறது. கால் பெடலில்தான் இருக்கிறது. சத்தம் பின்னாலிருந்து வந்தது. கடக், கடக் என்று இன்னும் இரண்டு தடவை. அப்புறம் செருப்பு தரையில் உரசுகிற சத்தம். "செயின் தாண்டிட்டுப்பா!" என்று டைட்டஸ் அலறினான்.

வேதமாணிக்கம் திரும்பவில்லை. திரும்பினால் தள்ளாடும். மிதித்தார். குடைப் பக்கமிருந்து வந்தது பாருங்கள் சவரிமுத்துவின் கத்தல், மலை எதிரொலித்தது.

"மச்சான்! விடாதயும்! ஏறும் வே! ஏறும்!"

குடையை வீசிவிட்டு மனுஷன் பின்னால் ஓடி வந்தார். ஆறாம் வளைவிலும் அந்தக் குரல் வந்தது. ஏழாம் வளைவில் அது இருமலும் இரைப்புமாக வந்தது. "ஏறும்... வே... ஏறும்..."

ஏழும் தாண்டி, கோயில் முற்றத்து மணலில் சக்கரம் புதைய, கொடிமரம் கைக்கு எட்டிற்று. வேதமாணிக்கம் பிரேக்கைப் பிடித்தார். மேலே காத்திருந்த கூட்டம் ஒரே குரலில் கூவிற்று.

"காலூன்று! காலூன்று! காலூன்று!"

அவர் இடது காலைத் தூக்கினார். அவசரமே படவில்லை. ஊர் பூராவும் பார்க்கும்படி, ராஜா மாதிரி, காலைத் தரையில் ஊன்றினார்.

கோயில் மணி விடாமல் அடித்தது. வேட்டு வெடித்தது. கயிறு மரத்தில் ஏறிற்று, கொடி விரிந்தது. வேதமாணிக்கம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு 'ஓ'வென்று கத்தினார். வயசுக்கு அது அழகா என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. ஜீப்பில் வந்து இறங்கிய ஞானப்பூ அத்தனை பேர் முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கழுத்தில் அண்ணன் செயின் வெயிலில் மின்னிற்று.

சவரிமுத்து வந்து சேர்ந்தார். சட்டை ஒட்டிப்போய், மூச்சு வாங்க, சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சைக்கிளில் ஓடிய பழைய செயினைப் பார்த்தார். கழுத்தில் கிடப்பதைப் பார்த்தார். மறுபடியும் கீழே பார்த்தார்.

"மச்சான். இப்ப டைட்டஸ் சைக்கிள்ல கேட்டுதே ஒரு சத்தம். அன்னிக்கும் எனக்குக் கேட்டுது. நான் பின்னாலதான வந்தேன். கல்லு ஏதோ உருளுதுன்னு நெனச்சேன்." அவர் மச்சானின் தோளைப் பிடித்தார். "ஏன் வே ஒருநாளும் சொல்லல?"

வேதமாணிக்கம் ஞானப்பூவைப் பார்த்தார். "உங்க வீட்டுச் செயினுல்லா, எப்படிச் சொல்ல?"

சவரிமுத்து அவரைக் கட்டிக்கொண்டார். இரண்டு கிழட்டு உடம்பும் வேர்வையும் எண்ணெயுமாக ஒட்டிக்கொண்டு நின்றன. பிரிந்தபோது செயின் தடம் இரண்டு சட்டையிலும் விழுந்திருந்தது.

அந்த நேரத்துக்கு ஜெசிந்தா மேலே ஏறி வந்தாள். டைட்டஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டுப் பின்னால் வந்தான்.

சவரிமுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை அப்படிக் கூப்பிட்டார்.

"ஆசானே. அப்ப இந்தச் செயின எத்தன நாளைக்கு ஒருக்காதான் மாத்தணும்?"

வேதமாணிக்கத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கை தன்னால் சட்டைப்பையில் நோட்டைத் தேடியது. தேடிய கையை வெளியே எடுத்துவிட்டு, ஆசான் முகத்தைப் பார்த்தார்.

ஜெசிந்தா சவரிமுத்துவைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க மச்சானுக்கு வெச்ச பேரு எத்தன வருஷம் ஓடிச்சு?"

"முப்பத்தஞ்சு," என்றார் சவரிமுத்து.

"அம்புட்டு நாள் மாத்தாம விட்டுராதீங்க," என்றாள் ஜெசிந்தா.